லாரியட் என்றால் யார்? டர்பன் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்ச் சங்க விழா, கோயில் ஆண்டு விழா, பள்ளிப் பரிசளிப்பு என்று டர்பனில் எது நடந்தாலும், சிறப்பு விருந்தினரின் பெயருக்குப் பக்கத்தில் ‘லாரியட்’ என்ற சொல்லை இப்போது அடிக்கடி பார்க்கிறோம். தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் அதற்குப் பொருள் கேட்கிறார்கள். அழைப்பிதழ் அச்சடிக்கும் பெரியவர்கள், தமிழில் எப்படிப் போடுவது என்று கேட்கிறார்கள். இரு தரப்பும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

லாரியட் என்றால் என்ன பொருள்?

பெரிய சாதனைக்காக முறைப்படி சிறப்பிக்கப்பட்டவர் என்று பொருள். ஒருவர் சாதித்துவிட்டால் மட்டும் லாரியட் ஆகிவிட மாட்டார். அந்தச் சாதனையைப் பார்த்து, எடைபோட்டு, ‘இவருக்கே’ என்று ஒரு சபை முடிவு செய்து மதிப்பை வழங்கியிருக்க வேண்டும். ஓட்டப்பந்தயத்தில் முதலில் வந்தவரை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை, அவரே ஓடி வென்றுவிடுகிறார். லாரியட் ஆவதற்கோ இன்னொருவர் கை வேண்டும். அந்தக் கை தலையில் எதையோ சூட்டுகிறது என்பதுதான் இந்தச் சொல்லின் வேரில் இருக்கும் செய்தி.

எப்படி உச்சரிப்பது?

லாரியட். முதல் எழுத்தில் அழுத்தம் போதும், கடைசியில் ‘யேட்’ என்று இழுக்க வேண்டாம். தமிழ்ப் பத்திரிகைகளில் லாரியேட் என்றும் எழுதுகிறார்கள், பொருள் ஒன்றுதான்.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

இலத்தீன் மொழியிலிருந்து. அந்த மொழியில் ‘லாரஸ்’ என்பது ஒரு மரத்தின் பெயர், ஆங்கிலத்தில் லாரல். அதன் இலைகளால் கட்டிய முடிமாலை ‘லாரியா’. அதைச் சூடியவர் ‘லாரியாட்டஸ்’. அதுவே ஆங்கிலத்தில் லாரியட் ஆனது. இலைமுடி சூடியவர் என்பதுதான் நேர்ப்பொருள்.

அந்த மரத்துக்கு அத்தனை மதிப்பு வந்ததற்கு கிரேக்கர்கள் ஒரு கதை சொல்வார்கள். பாட்டுக்கும் கவிதைக்கும் தெய்வமான அப்பல்லோ, ஆற்றுத் தெய்வத்தின் மகள் டாஃப்னியைத் துரத்துகிறான். அவளுக்கு அவன்மேல் விருப்பமில்லை. தன்னைக் காப்பாற்றும்படி தந்தையை வேண்டுகிறாள், ஓடிக்கொண்டிருக்கும்போதே மரமாகிவிடுகிறாள். அந்த மரத்தை அப்பல்லோ தனக்குரியதாக்கிக்கொண்டான் என்பது கதை. அதனால்தான் அவன் கோயில் இருந்த டெல்ஃபியில் நடந்த பித்தியன் போட்டிகளில் வென்றவர்களுக்கு இந்த இலைமுடியைச் சூட்டினார்கள். அங்கே ஓட்டமும் மல்லும் மட்டுமல்லாமல், இசைக்கும் போட்டி உண்டு.

ரோமர்கள் இதைப் போர்க்களத்துக்குக் கொண்டு போனார்கள். வென்று திரும்பும் தளபதி இந்த முடியைச் சூடி நகரில் ஊர்வலம் வருவான். போர்க்களத்திலிருந்து வெற்றிச் செய்தி எழுதி அனுப்பும்போது கடிதத்தையே இந்த இலைகளால் சுற்றிக் கட்டி அனுப்புவார்களாம். பிரித்துப் படிக்கும் முன்பே வெற்றிச் சேதி என்று தெரிந்துவிடும். அந்தக் கடிதங்களுக்கும் லாரியட் என்ற அடைமொழிதான்! மனிதருக்கு மட்டுமே உரிய சொல்லாக அது தொடங்கவில்லை.

ஒலிம்பிக்கில் சூட்டியதும் இதே இலைதானா?

இல்லை. ஒலிம்பியாவில் காட்டு ஆலிவ் கிளை. டெல்ஃபியில்தான் லாரல். இரண்டையும் குழப்பிக்கொள்வது சகஜம்.

லாரல் நம் பிரியாணியில் போடும் இலையா?

இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் டர்பன் சமையலறையில் இரண்டு இலையும் புழங்குகிறது.

சூப்பர் மார்க்கெட்டில் ‘பே லீஃப்’ என்று சிறு பாக்கெட்டில் விற்கிறார்களே, கேப் மலாய்க்காரர்கள் பபூட்டி என்ற கொத்துக்கறிப் பதார்த்தத்தில் செருகுகிறார்களே, அதுதான் லாரல். கவிஞர் தலையில் ஏறிய அதே இலை. மசாலாக் கடையில் பிரிஞ்சி இலை என்று கேட்டால் கிடைப்பது வேறு மரம், இலவங்கப்பட்டைக்குச் சொந்தக்காரன். கையில் எடுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். லாரல் இலையில் நடுவே ஒரே ஒரு நரம்பு ஓடும், அதிலிருந்து சின்ன நரம்புகள் இரு பக்கமும் கிளை பிரியும். பிரிஞ்சி இலை அதைவிட நீளம். அதில் காம்புப் பக்கத்திலிருந்து நுனி வரை மூன்று நரம்புகள் நெடுக்காகப் போகும். கசக்கினால் பிரிஞ்சி இலையில் பட்டை வாசனை வரும். லாரலில் யூகலிப்டஸைப் போன்ற ஒரு நெடி இருக்கும். அடுத்த முறை பாக்கெட்டைப் பிரிக்கும்போது பிள்ளைகளிடம் ஓர் இலையைக் கொடுத்து நரம்பை எண்ணச் சொல்லுங்கள்.

லாரல் ஆண்டு முழுவதும் பச்சையாகவே இருக்கும் மரம். வாடாத புகழுக்கு அடையாளமாக அதைப் பிடித்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

விழா மேடையில் நிஜமாகவே இலைமுடி சூட்டலாமா?

தாராளமாக. ஆனால் லாரல் என்று நினைத்து அரளி இலையைப் பறித்துவிடக் கூடாது. இரண்டும் பார்வைக்கு ஓரளவு ஒத்திருக்கும். அரளிச் செடியில் இலை, பூ, தண்டு எல்லாமே நச்சு. சிறு பிள்ளைகள் கையில் கொடுக்கவே வேண்டாம்.

கவிஞர்களுக்கு இந்தப் பெயர் எப்படி ஒட்டிக்கொண்டது?

ரோமப் பேரரசு போன பிறகு இலைமுடி சூட்டும் வழக்கமும் மங்கிப்போயிருந்தது. இத்தாலியர்கள் அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள், அதுவும் கவிஞர்களுக்காக. 1341 ஏப்ரல் 8 அன்று ரோம் நகரின் கேப்பிட்டோலின் குன்றில் இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க்குக்கு லாரல் முடி சூட்டினார்கள். அந்தச் செய்தி ஐரோப்பா முழுக்கப் பரவியது. அதே நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசர், பெட்ரார்க்கை ‘லாரியட் கவிஞர்’ என்றே குறிப்பிட்டார். ஆங்கிலத்தில் இந்தச் சொல் நிலைபெற்றது அந்தக் காலத்தில்தான்.

இங்கிலாந்தில் அதை அரச பதவியாக்கினார்கள். 1668இல் ஜான் டிரைடன் முதல் அதிகாரபூர்வ அரசவைக் கவிஞர் ஆனார். வேர்ட்ஸ்வர்த், டென்னிசன் எல்லாரும் அந்தப் பதவியில் இருந்தவர்கள். சம்பளத்தோடு பீப்பாய்க் கணக்கில் ஒயினும் தரும் வழக்கம் உண்டு. நமக்கு இது புதிதில்லை. ‘சிறிது கள் கிடைத்தால் எங்களுக்கே தந்துவிடுவான்’ என்று அதியமானை நினைத்து ஔவையார் புலம்பியதை நாம் புறநானூற்றில் படித்திருக்கிறோம். அந்தப் பதவிக்கு ஒரு பெண் வர 2009 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு கரோல் ஆன் டஃபி நியமிக்கப்பட்டார்.

பக்கலோரியட், லாரியா பட்டம் – இவையெல்லாம் சொந்தமா?

இத்தாலியில் பல்கலைக்கழகப் பட்டத்துக்கு இன்றும் ‘லாரியா’ என்றே பெயர், அது நேர்ச் சொந்தம். பக்கலோரியட் அப்படி இல்லை. அதன் மூலச் சொல் வேறு. உச்சரிப்பு ஒத்துப்போனதால், பிற்காலத்தார் அதை ‘லாரல் பழம்’ என்று பொருள்படும்படி மாற்றி எழுதிவிட்டார்கள்.

நோபல் பரிசு பெற்றவரை ‘வின்னர்’ என்று சொல்லாமல் லாரியட் என்று சொல்வது ஏன்?

நோபல் பரிசு போட்டி இல்லை என்பதால்தான். யாரும் விண்ணப்பம் போட்டு ஓடிப் பிடிக்கும் பரிசு அது இல்லை. மற்றவர்கள் முன்மொழிய, குழு தேர்ந்தெடுக்கிறது. 1901 முதல் வழங்கப்படும் இந்தப் பரிசில் இலைமுடி எதுவும் சூட்டுவதில்லை. தங்கப் பதக்கமும் பட்டயமும் பணமும் தருகிறார்கள். சொல் மட்டும் பழைய முடியைச் சுமந்துகொண்டு நிற்கிறது.

தமிழில் ‘நோபல் பரிசு வென்றவர்’ என்று எழுதுவது பரவலாக இருக்கிறது. தவறு என்று சொல்ல மாட்டேன். ‘நோபல் பரிசு பெற்றவர்’ என்பது எனக்கு இன்னும் பொருத்தமாகப் படுகிறது. சர் சி. வி. ராமன் 1930இலும், சுப்பிரமணியன் சந்திரசேகர் 1983இலும், சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 2009இலும் நோபல் பரிசு பெற்றவர்கள். தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்த மூன்று பெயரையும் சொல்லிக் கொடுக்காமல் இந்தப் பாடத்தை முடிக்கக் கூடாது.

தென்னாப்பிரிக்காவின் நோபல் லாரியட்டுகள் யார்?

அமைதிக்காக நால்வர்: ஆல்பர்ட் லுதூலி, 1984இல் டெஸ்மண்ட் டூட்டு, 1993இல் நெல்சன் மண்டேலாவும் எஃப். டபிள்யூ. டி கிளார்க்கும். கேப் டவுன் துறைமுகப் பகுதியில் இந்த நால்வருக்கும் சிலை வைத்து ‘நோபல் சதுக்கம்’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். இலக்கியத்துக்காக 1991இல் நாடின் கோர்டிமர், 2003இல் ஜே. எம். கூட்ஸீ. அறிவியலில் இங்கே பிறந்து வெளிநாட்டில் பணியாற்றியவர்கள் சிலர் உண்டு. 1982இல் வேதியியலுக்குப் பெற்ற ஆரன் குளூக் லிதுவேனியாவில் பிறந்தவர். ஆனால் குழந்தையாக டர்பனுக்கு வந்து, டர்பன் ஹை ஸ்கூலில் படித்து வளர்ந்தவர்.

லுதூலியைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லத்தான் வேண்டும். நாம் இன்கோசி ஆல்பர்ட் லுதூலி ஆஸ்பத்திரிக்குப் போகிறோம், அதே பெயரிலுள்ள மாநாட்டு மண்டபத்தில் கல்யாணக் கண்காட்சி பார்க்கிறோம். அவர் யார் என்று நம் பிள்ளைகளைக் கேட்டால் பலர் விழிக்கிறார்கள். டர்பனுக்கு வடக்கே, ஸ்டாங்கர் பக்கத்தில், கரும்புக் காடுகள் சூழ்ந்த குரூட்வில் அவர் ஊர். நம் முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாக உழைத்த அதே வடகரைக் கரும்புச் சீமைதான். 1952இல் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் தலைவரானார். அதே ஆண்டு அரசாங்கம் அவரிடமிருந்து ஊர்த்தலைவர் பதவியைப் பறித்தது. நட்டால் இந்திய காங்கிரஸின் தலைவராக இருந்த டாக்டர் மான்டி நாயக்கர் அந்தக் காலத்துப் போராட்டத்தில் அவரோடு தோளோடு தோள் நின்றவர். டர்பன் நடுவிலிருந்த பைன் தெருவுக்கு இன்று நாயக்கர் பெயர்தான்.

லுதூலிக்கு வழங்கப்பட்டது 1960ஆம் ஆண்டுக்கான அமைதிப் பரிசு. அப்போது அவர் தடையாணையின்கீழ் சொந்த வட்டாரத்தை விட்டு வெளியேற முடியாமல் இருந்தார். சில நாள் மட்டும் அனுமதி பெற்று ஓஸ்லோவுக்குப் போய், 1961 டிசம்பர் 10 அன்று ஜூலு தலைவருக்குரிய மரபு உடையில் மேடையேறி வாங்கினார். ஆப்பிரிக்க மண்ணின் மைந்தர்களில் அமைதிப் பரிசு பெற்ற முதல் மனிதர் அவர். திரும்பி வந்ததும் தடை அப்படியே தொடர்ந்தது. ஓர் அரசு தலைவர் பதவியைப் பறிக்கிறது, உலகம் முடி சூட்டுகிறது. லாரியட் என்ற சொல்லின் முழுக் கனமும் தெரிய வேண்டுமானால் இந்த ஒரு வரலாறு போதும்.

நம் நாட்டின் தேசிய விருது பெற்றவர்களை லாரியட் எனலாமா?

பொதுவாகச் சொல்வதில்லை. அவை ‘ஆர்டர்’ எனப்படும் விருதுகள், குடியரசுத் தலைவர் வழங்குவார். ‘இன்ன ஆர்டர் பெற்றவர்’ என்று எழுதுவதே சரி.

ஆனால் அந்த ஆர்டர்களின் பெயர்களைக் கவனியுங்கள். கலை, இலக்கியம், இதழியல், விளையாட்டு இவற்றுக்கானது ‘இக்கமாங்கா’. அது ஒரு பூ. டர்பன் தோட்டங்களில் ஆரஞ்சும் நீலமுமாகக் கொக்குத் தலையைப் போல நீட்டிக்கொண்டு நிற்குமே, ஸ்ட்ரெலிட்ஸியா, அதேதான். இந்தக் கிழக்குக் கரைக்கே உரிய பூ. சமூகப் பணி, மருத்துவம், அறிவியல், தொழில் இவற்றுக்கானது ‘பாவோபாப்’ மரத்தின் பெயரால் வழங்கப்படுகிறது. தமிழ்நாட்டில் பெருக்க மரம், ஆனைப்புளி என்பார்கள். விடுதலைக்கும் மனித உரிமைக்கும் உழைத்தவர்களுக்கு லுதூலி பெயரில் ஓர் ஆர்டர். கிரேக்கர்கள் தங்கள் மண்ணில் வளர்ந்த இலையை எடுத்த மாதிரி, இந்த நாடு தன் மண்ணில் பூத்ததை எடுத்துக்கொண்டது. கேட்டோ மேனரில் பிறந்து அந்த ஊர் மக்களின் வாழ்க்கையை நாடகமாகவும் கதையாகவும் எழுதிய ரோனி கோவிந்தர், வெள்ளி இக்கமாங்கா பெற்றவர்.

தென்னாப்பிரிக்காவுக்கு அரசவைக் கவிஞர் உண்டா?

உண்டு. முதலில் மசீசி குனேனே, 2005இல். டர்பன்காரர், ஜூலு மொழியில் எழுதியவர். நாடு கடந்து பல ஆண்டுகள் வாழ்ந்தபோதும் ஆங்கிலத்துக்கு மாறாமல் தாய்மொழியிலேயே காவியம் எழுதினார், அப்புறம் தானே அதை மொழிபெயர்த்தார். 1993இல் யுனெஸ்கோ அவரை ஆப்பிரிக்காவின் லாரியட் கவிஞராக அறிவித்தது. தாய்மொழியைக் கைநழுவ விட்டுக்கொண்டிருக்கும் நாம் இந்த மனிதரிடம் படிக்க வேண்டியது நிறைய இருக்கிறது. 2006இல் அவர் மறைந்த பின் கெயொராபெட்சே கோசிட்சிலே, அவருக்குப் பிறகு மோங்கானே வாலி செரோட்டே.

ஆனால் இந்த மண்ணில் அதற்கு வெகு முன்பே ‘இம்போங்கி’ இருந்தார். அரசனின் முன்னால் நின்று அவன் குலப்பெருமையையும் வீரத்தையும் உரத்த குரலில் பாடும் புகழ்க்கவிஞர். 1994இல் மண்டேலா குடியரசுத் தலைவராகப் பதவியேற்றபோதும் இம்போங்கி பாடினார். இம்போங்கி புகழ்வதோடு நிறுத்துவதில்லை, அரசன் தவறினால் பாட்டிலேயே குத்திக் காட்டவும் அவருக்கு உரிமை உண்டு. நம் பாடாண் திணையும் அப்படித்தான். பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடைநம்பியிடம் போய், யானை தானே வயலில் புகுந்தால் தின்பதைவிட மிதித்துக் கெடுப்பதே அதிகம், வரியை அறிந்து வாங்கு என்று சொன்னாரே! இம்போங்கியின் பாட்டை ஒருமுறை நேரில் கேட்ட தமிழருக்குப் பாணரையும் பொருநரையும் யாரும் தனியாக விளக்க வேண்டியதில்லை.

தமிழில் லாரியட்டுக்குச் சரியான சொல் எது?

இடத்தைப் பொறுத்தது. பொதுவாக ‘விருதாளர்’. பரிசு என்றே பெயர் கொண்ட நோபல் போன்றவற்றுக்கு ‘பரிசாளர்’ அல்லது ‘பரிசு பெற்றவர்’. கவிஞருக்கு ‘அரசவைக் கவிஞர்’. இந்தக் கடைசிச் சொல் அரசர் இல்லாத காலத்திலும் புழங்குகிறது. நாமக்கல் இராமலிங்கம் பிள்ளை 1949இல் சென்னை அரசின் அரசவைக் கவிஞரானார், 1978இல் கண்ணதாசன் தமிழ்நாட்டின் அரசவைக் கவிஞரானார்.

விருது என்ற சொல்லுக்கே பழைய பொருள் வெற்றிச் சின்னம், கொடி, பட்டப்பெயர். மேடையில் கைக்குக் கொடுக்கும் கேடயம் என்ற பொருள் பின்னால் வந்தது.

எனக்கு நெருக்கமான சொல் வாகை. அதுவும் ஒரு மரம், அதன் பூவைத்தான் வென்றவர்கள் சூடினார்கள். ‘வாகை சூடினார்’ என்று இன்றும் விளையாட்டுச் செய்தியில் எழுதுகிறோம். போர் தொடங்கும்போது ஒரு பூ, கோட்டையை முற்றுகையிட ஒரு பூ, நேருக்கு நேர் மோத ஒரு பூ என்று வைத்திருந்த தமிழர்கள் வெற்றிக்கு வாகையை வைத்தார்கள். அதோடு நிற்கவில்லை. தொல்காப்பியத்தின் புறத்திணையியல் வாகைத் திணையைப் போர் வெற்றிக்குள் அடைத்துவிடவில்லை. அரசருக்கு மட்டுமின்றி, அறிவருக்கும் தவம் செய்வோருக்கும் பிறருக்கும் வாகை உண்டு என்கிறது. குற்றமற்ற கோட்பாட்டோடு அவரவர் தத்தம் துறையில் மேம்பட்டு விளங்குவதுதான் வாகை. பாட்டுக்காரருக்கும், தளபதிக்கும், வேதியியல் அறிஞருக்கும் ஒரே இலையைச் சூட்டிய லாரியட் என்ற சொல் பல நூற்றாண்டுகள் நடந்து வந்து சேர்ந்த இடத்தில், வாகை தொடக்கத்திலேயே நிற்கிறது.

இன்னொன்று. டர்பன் தெருக்களில் குடை விரித்ததுபோல நிற்கும் ‘ஃபிளாட் கிரவுன்’ மரம் வாகையின் உறவு, ஒரே பேரினம். பிள்ளைகளுக்கு வாகையைப் படத்தில் காட்டத் தேவையில்லை. அந்த மரத்தடிக்குக் கூட்டிப் போய் அதன் மென்மையான குஞ்சம் போன்ற பூவைக் காட்டினாலே போதும்.

சங்க காலத்தில் இப்படிச் சிறப்பிக்கும் வழக்கம் இருந்ததா?

பாணருக்குப் பொன்னால் செய்த தாமரைப் பூ கொடுத்தார்கள். படைத்தலைவருக்கு ‘ஏனாதி’ என்ற பட்டமும் அதற்குரிய மோதிரமும். வணிகருக்கு ‘எட்டி’ என்ற பட்டமும் பொற்பூவும். பட்டம், அதற்கு ஓர் அடையாளப் பொருள், பலர் அறியக் கொடுப்பது என்று இன்றைய விருது விழாவில் இருப்பதெல்லாம் அன்றே இருந்தது.

சான்றோர் என்பதும் இதே பொருள்தானா?

கிட்டத்தில் வரும், ஆனால் வேறு. ‘சால்’ என்றால் நிறைதல். குணத்தால் நிறைந்தவர் சான்றோர். அதற்கு யாரும் விழா எடுக்க வேண்டியதில்லை. தன் மகனைச் சான்றோன் என்று பிறர் சொல்லக் கேட்ட தாய், பெற்ற நாளைவிடப் பெரிதும் மகிழ்வாள் என்கிறது குறள். அங்கே மேடையும் இல்லை, பதக்கமும் இல்லை, ஊர் வாய்தான் விருது. விருதாளர் சான்றோராகவும் இருந்தால் நல்லது.

தமிழ் ஐஸ்டெட்ஃபட் போட்டியில் முதல் பரிசு வாங்கிய பிள்ளையை லாரியட் என்று போடலாமா?

வேண்டாம் என்பது என் கருத்து. திருக்குறள் ஒப்பித்து, தேவாரம் பாடி, மேடை நடுக்கத்தை வென்று சான்றிதழ் வாங்கிய பிள்ளையை நாம் எவ்வளவு பாராட்டினாலும் தகும். அதற்கு ‘முதல் பரிசு பெற்றவர்’ என்பதே அழகான சொல். லாரியட் என்பது நெடுங்கால உழைப்பின்மேல் வைக்கும் முடி. ஒன்பது வயதில் அதைத் தலையில் வைத்தால் பிள்ளைக்குத்தான் பாரம்.

ஒரு சுவையான செய்தி உண்டு. நாம் பிள்ளைகளின் போட்டிக்கு வைத்துக்கொண்ட ஐஸ்டெட்ஃபட் என்ற பெயர் வேல்ஸ் நாட்டுச் சொல். அங்கே அது பெரிய கவிதைத் திருவிழா. சிறந்த கவிஞருக்கு முடி சூட்டுகிறார்கள், இன்னொருவருக்கு நாற்காலி போட்டு அமர்த்துகிறார்கள். பெரிய மொழி ஒன்றின் நிழலில் தங்கள் மொழியைக் காப்பாற்ற அவர்கள் பிடித்துக்கொண்ட விழாவின் பெயர், அதே கவலையோடு இருக்கும் டர்பன் தமிழர்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது. நம் விழாவிலும் வளர்ந்த கவிஞர்களுக்கென்று ஒரு போட்டி வைத்து முடி சூட்டினால் என்ன? அதைத் தமிழ்ச் சங்கங்கள் யோசிக்க வேண்டும்.

நம் டர்பன் தமிழர்களில் உலக அளவில் லாரியட் என்று அழைக்கப்பட்டவர் உண்டா?

நவநீதம் பிள்ளை, உலகம் அறிந்த நவி பிள்ளை. 1941இல் டர்பனில் பிறந்தவர், தந்தை பஸ் ஓட்டுநர். கிளேர்வுட் மக்கள் நன்கொடை திரட்டிக் கொடுத்து இவரைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள். 1967இல் நட்டாலில் சொந்தமாக வழக்கறிஞர் அலுவலகம் தொடங்கிய, வெள்ளையர் அல்லாத முதல் பெண் ஆனார். பிறகு உயர் நீதிமன்ற நீதிபதி, ருவாண்டா படுகொலையை விசாரித்த பன்னாட்டுத் தீர்ப்பாயத்தின் தலைவர், 2008 முதல் 2014 வரை ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமை ஆணையர். 2003இல் பெண்கள் உரிமைக்கான குரூபர் பரிசு பெற்றார். அந்தப் பரிசைப் பெற்றவர்களை லாரியட் என்றே அழைக்கிறார்கள்.

இவரைப் பற்றி மேடையில் பேசும்போது கிளேர்வுட்காரர்களையும் சொல்லுங்கள். கூலி வேலை செய்தவர்களும் கடைக்காரர்களும் சில்லறை சேர்த்துக் கொடுத்த பணம் அது. அந்த முடியில் ஓர் இலை அவர்களுக்கும் உரியது.

தில்லையாடி வள்ளியம்மையை எப்படிக் குறிப்பிடுவது?

‘தியாகி’ என்று. ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து, இளம் வயதிலேயே சத்தியாகிரகத்தில் சிறை சென்று, காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22 அன்று உயிர்விட்ட பெண் அவர். இந்தியா 2008இல் அஞ்சல்தலை வெளியிட்டது. எந்தச் சபையும் முடி சூட்டும் முன்பே போய்விட்டவர்களை விருதாளர் பட்டியலில் சேர்க்க வேண்டியதில்லை. தியாகி என்ற சொல்லின் இடம் அதற்கும் மேலே.

அழைப்பிதழிலும் கேடயத்திலும் எப்படி எழுதுவது?

விருதின் முழுப் பெயர், ஆண்டு, எதற்காக. இந்த மூன்றும் இல்லாமல் வெறும் ‘லாரியட்’ என்று போடாதீர்கள். ‘புகழ்பெற்ற லாரியட் அவர்கள்’ என்றால் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. ‘பெண்கள் உரிமைப் பணிக்காக 2003இல் குரூபர் பரிசு பெற்ற’ என்று எழுதினால் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும், வந்தவருக்கும் மரியாதை.

நம் ஊர்ப் பெரியவர்களுக்குக் கொடுக்கும்போது ‘எதற்காக’ என்பதை இன்னும் விரிவாக எழுதுங்கள். ‘தமிழ்ப் பணிக்காக’ என்று மொட்டையாக முடிக்க வேண்டாம். எந்தப் பேட்டையில், எந்த ஆண்டு முதல், யாருக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தார் என்று இரண்டு வரி வேண்டும். பள்ளிகளில் தமிழ் இல்லாத காலத்தில் கோயில் மண்டபத்திலும் வீட்டுத் திண்ணையிலும் அகரம் எழுத வைத்த ஆசிரியர்களின் வரலாறு வேறு எங்கும் எழுதப்படவில்லை. அந்தக் கேடயத்தில் பொறித்தால்தான் உண்டு.

பெண்களுக்கு வேறு வடிவம் உண்டா?

இல்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் லாரியட், விருதாளர் இரண்டும் பொது.

‘முன்னாள் லாரியட்’ என்று எழுதலாமா?

நோபல், குரூபர் போன்ற பரிசுகளுக்குக் கூடாது. ஒருமுறை பெற்றால் பெற்றதுதான், காலமான பிறகும் அவர் நோபல் லாரியட்தான். அரசவைக் கவிஞர் என்பது பதவி என்றால் அதற்குக் காலவரையறை இருக்கலாம். இங்கிலாந்தில் முன்பு ஆயுட்காலப் பதவியாக இருந்தது, 1999 முதல் பத்து ஆண்டு. அப்படிப் பதவிக்காலம் முடிந்தவரை ‘முன்னாள் அரசவைக் கவிஞர்’ என்று எழுதலாம். குனேனே போலப் பதவியிலிருக்கும்போதே மறைந்தவருக்கு ‘முன்னாள்’ வேண்டாம், ‘தென்னாப்பிரிக்காவின் முதல் அரசவைக் கவிஞர்’ என்று ஆண்டோடு போடுங்கள்.